மூன்று வாரமாகியும் கார்டு வரவில்லையே!

கேள்வி: எனக்குப் பரமக்குடி பக்கம். துபாய் வந்து ஐந்து மாதம் ஆகிறது. தேராவில் ஒரு கட்டுமானப் பொருள் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டண்ட் வேலை. சம்பளம் எல்லாம் சேர்த்து 6,500 திர்ஹம். ஷார்ஜா ரோலாவில் ரூம். போன மாதம் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் கிரெடிட் கார்டு போடும் ஒருவர் பிடித்துக்கொண்டார். “அஞ்சே நாள், கார்டு உங்க கையில” என்றார். பத்தாக்கா (எமிரேட்ஸ் ஐடி), பாஸ்போர்ட், சம்பள சர்டிபிகேட், மூன்று மாத ஸ்டேட்மெண்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆபீஸுக்கு ஒரு வெரிபிகேஷன் போன் வந்ததாக எச்.ஆர். மேடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்த ஆளும் இப்போது போன் எடுப்பதில்லை. சென்னையில் இருந்தபோது நான்கே நாளில் கார்டு வாங்கியவன் நான். சிபில் ஸ்கோர் 780. இங்கே மட்டும் ஏன் இப்படி? இன்னொரு பேங்க்காரர் தினமும் கூப்பிடுகிறார். அவரிடமும் ஒன்று போட்டு வைக்கலாமா? அம்மாவை இங்கே கூட்டிவந்து காட்ட ஆசை. டிக்கெட்டைத் தவணையில் போடத்தான் கார்டு கேட்கிறேன்.

— வாசகர், ஷார்ஜா

பதில்: தம்பி, நேராக விடைக்கு வந்துவிடுகிறேன். காகிதமெல்லாம் சரியாக இருந்து, சம்பளமும் அதே வங்கியில் விழுந்தால், அமீரகத்தில் ஒரு வங்கி முடிவு சொல்லச் சில நிமிடம் முதல் இரண்டு மூன்று வேலைநாள் வரை போதும். அட்டை அச்சாகிக் கைக்கு வர அதற்கு மேல் ஒரு வாரம். சம்பளம் வேறு வங்கியில், கம்பெனியும் அந்த வங்கிக்குப் பழக்கமில்லாதது என்றால் இரண்டு வாரம் வரை இழுக்கலாம். மூன்று வாரம் தாண்டியும் ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை என்றால், உங்கள் விண்ணப்பம் வரிசையில் நிற்கிறது என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். அது எங்கோ கீழே விழுந்து கிடக்கிறது. எங்கே என்று தேடுவதுதான் இப்போதைய வேலை.

முதலில் அந்த மெட்ரோ வாசல் ஆளைப் பற்றி. அவர் பெரும்பாலும் வங்கி ஊழியராகவே இருக்கமாட்டார். வங்கிக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஏஜென்சியில், மாத டார்கெட்டுக்கும் கார்டுக்கு இவ்வளவு என்ற கமிஷனுக்கும் ஓடுகிறவர். அப்ரூவ் ஆனால்தான் அவருக்குக் காசு. ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று ஃபைல் திரும்பி வந்தால், அதைச் சரிசெய்ய உங்களுக்குப் பத்து முறை போன் போடுவதைவிட அடுத்த ஆளைப் பிடிப்பது அவருக்கு லாபம். “அஞ்சே நாள்” என்று அவர் சொன்னது முழுப் பொய்யுமில்லை. எல்லாம் ஒழுங்காகப் போன ஃபைலின் கணக்கு அது. உங்களுடையது அந்த வகையா என்று அவர் கேட்டிருக்கமாட்டார்.

ஆகவே அவரை விட்டுவிட்டு, அந்த வங்கியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கூகுளில் முதலில் கண்ணில் படும் எண்ணுக்கு அல்ல. எமிரேட்ஸ் ஐடி எண்ணைச் சொல்லி, “என் பெயரில் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா, ரெஃபரன்ஸ் நம்பர் என்ன, எந்தக் கட்டத்தில் நிற்கிறது” என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். பதிவே இல்லை என்று பதில் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய காகிதம் வாட்ஸ்அப்பிலேயே தங்கிப்போன கதை இங்கே நிறைய.

இதைச் சோதிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. இந்த நாட்டில் கடன் பதிவுகளைத் தொகுக்கும் அல் எதிஹாத் கிரெடிட் பீரோவின் செயலியை இறக்கி, சிறு கட்டணம் கட்டி உங்கள் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். உங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கிற எந்த வங்கியும் முதலில் இந்த பீரோவைத்தான் தட்டும். தட்டினால் அந்தத் தடம் அறிக்கையில் இருக்கும். தடமே இல்லை என்றால் உங்கள் ஃபைல் வங்கியின் வாசற்படியைத் தாண்டவில்லை என்றுதான் பொருள். அதோடு, நீங்கள் பார்த்தே இராத வேறு வங்கிகளின் பெயரும் அதில் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரே காகிதக் கட்டை நாலு வங்கிக்கு அனுப்பிப் பார்க்கிற ஏஜெண்டுகள் உண்டு.

சென்னையில் நான்கு நாள், இங்கே ஏன் இல்லை என்று கேட்டீர்கள். உங்கள் 780 விமானம் ஏறி வரவில்லை, அதுதான் காரணம். சிபில் இந்தியாவில் நீங்கள் வாங்கிய, கட்டிய கடனின் பதிவு. அமீரக வங்கி பார்ப்பது இந்த நாட்டு பீரோவை. இதற்கான கூட்டாட்சிச் சட்டம் 2010-இல் வந்தது. பீரோ வேலையைத் தொடங்கியது 2014 நவம்பரில். மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. கூடக் கூட நல்லது. அதில் நீங்கள் இப்போது கெட்ட பையனும் அல்ல, நல்ல பையனும் அல்ல. ஆளே இல்லை. பீரோவில் எதுவும் இல்லாதவருக்குக் கணினி தானாக “சரி” சொல்லத் தயங்கும். ஃபைல் ஒரு மனிதரின் மேசைக்குப் போகும். நிமிடங்களில் முடிய வேண்டியது நாட்களாவது இந்த இடத்தில்தான்.

பீரோ வருவதற்கு முன் இங்கே கார்டு வாங்குவது இதைவிட லேசாக இருந்தது. ஒரு வங்கி கொடுத்தது இன்னொரு வங்கிக்குத் தெரியாது. ஒரே ஆளிடம் ஐந்து, ஆறு கார்டு. 2008 முடிவில் உலகப் பொருளாதாரம் சரிந்து வேலைகள் போனபோது, கடனைக் கட்ட முடியாமல் காரைத் துபாய் விமான நிலைய நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் பறந்தவர்களைப் பற்றி 2009-இல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. எழுதியதில் மிகையும் இருந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே பீரோவுக்குச் சட்டம் வந்ததைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. 2011-இல் மத்திய வங்கி தனிநபர் கடனுக்கு வேலி போட்டது: மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, தனிநபர் கடன் சம்பளத்தின் 20 மடங்குக்கு மேல் போகக்கூடாது, 48 மாதத்துக்குள் அடைபட வேண்டும். கிரெடிட் கார்டுக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 60,000 திர்ஹம், அதாவது மாதம் 5,000. இன்றைக்கு நீங்கள் அனுபவிக்கிற தாமதத்தில் பெரும் பங்கு அந்தக் கூத்துக்குப் பிறகு வந்த எச்சரிக்கைதான்.

உங்கள் 6,500 அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். சம்பளம் எப்படி வருகிறது? உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கா, எக்ஸ்சேஞ்ச் கொடுத்த சம்பள அட்டைக்கா? அட்டைக்கு வந்தால் பெரும்பாலான வங்கிகள் மேலே பேசாது. கணக்குக்கு வருகிறதென்றால், சர்டிபிகேட்டில் எழுதிய தொகையும் ஸ்டேட்மெண்டில் விழுந்த தொகையும் மாதா மாதம் ஒன்றாக இருக்க வேண்டும். ஓவர்டைம் சேர்ந்து ஒரு மாதம் கூடியதும், லீவு போட்டு ஒரு மாதம் குறைந்ததும் ஃபைலைப் பார்ப்பவரை நிறுத்தும். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கம்பெனி கையில் ரொக்கமாகத் தந்தால் அது வங்கியின் கண்ணுக்கு இல்லவே இல்லை.

அடுத்தது உங்கள் ஐந்து மாதம். அமீரகத் தொழிலாளர் சட்டப்படி சோதனைக்காலம் ஆறு மாதம் வரை போகலாம். கன்ஃபர்ம் ஆகாதவருக்குக் கார்டு தரத் தயங்கும் வங்கிகள் பல. உங்கள் எச்.ஆர். மேடத்துக்கு வந்த போனில் கேட்டது பெரும்பாலும் இதையாகத்தான் இருக்கும்: இவர் இங்கே வேலை பார்க்கிறாரா, எப்போதிலிருந்து, கன்ஃபர்ம் ஆகிவிட்டாரா. “இன்னும் இல்லை” என்று அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் ஃபைல் அங்கேயே படுத்திருக்கும். அவரிடம் நயமாகக் கேட்டுப் பாருங்கள். அப்படியென்றால் இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் புதிதாக விண்ணப்பிப்பதே நல்லது.

கம்பெனியின் பெயரும் ஒரு காரணம். ஒவ்வொரு வங்கியும் தனக்குப் பிடித்த கம்பெனிகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள பெரிய நிறுவன ஊழியருக்கு வேகம். தேராவில் பத்துப் பேர் வேலை பார்க்கும் கடைக்கு டிரேட் லைசென்ஸ் நகல்வரை கேட்பார்கள். இதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை. உங்களால் செய்யக்கூடியதும் ஒன்றுதான்: உங்கள் கம்பெனி சம்பளம் போடும் வங்கியிலேயே கேட்பது. அந்த வங்கிக்கு உங்கள் கம்பெனியும் தெரியும், உங்கள் சம்பளம் விழும் தேதியும் தெரியும். அதன் செயலியைத் திறந்து பாருங்கள். சில சமயம் உங்களுக்கென்று ஒரு கார்டு ஏற்கெனவே தயாராக இருக்கும்.

நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற ஒரு தாமதம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. எமிரேட்ஸ் ஐடியில் அப்பா பெயரையும் சேர்த்து நீளமாக அச்சிட்டிருப்பார்கள். கம்பெனி சர்டிபிகேட்டில் இனிஷியலோடு. வங்கிக் கணக்கில் இன்னொரு வரிசையில். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் இங்கே வரப் புறப்பட்டவர்களை விமானத்தில் ஏற்றாமல் நிறுத்தியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வங்கி அவ்வளவு கடுமை காட்டாது, ஆனால் நாலு காகிதத்தில் நாலு பெயர் இருந்தால் நாலும் ஒருவர்தானா என்று தெளிவாகும்வரை ஃபைலை நகர்த்தாது. சர்டிபிகேட்டை எமிரேட்ஸ் ஐடியில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதை யாருக்கு எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு வங்கியின் பெயருக்கு எழுதியதை இன்னொரு வங்கி ஏற்காது. தேதி பழசானாலும் ஏற்காது.

சரி, அப்ரூவல் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் நாள் போகும். நுகர்வோர் பாதுகாப்புக்காக மத்திய வங்கி வைத்த விதிப்படி, கையெழுத்திட்ட பிறகு மனம் மாற ஐந்து முழு வேலைநாள் அவகாசம் உங்களுக்கு உண்டு. அந்த உரிமையை விட்டுக்கொடுத்துச் சீக்கிரம் தரச் சொல்லவும் செய்யலாம். பலரும் படிக்காமல் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விட்டுக்கொடுக்கமாட்டேன். வருடக் கட்டணம் முதல் ஆண்டு மட்டும் இலவசமா, எப்போதுமே இலவசமா, கிரெடிட் ஷீல்டு என்ற காப்பீட்டைச் சத்தமில்லாமல் சேர்த்திருக்கிறார்களா என்று நிதானமாகப் பார்க்க அந்த நாட்கள் உதவும். வேலைநாள் என்றால் இங்கே திங்கள் முதல் வெள்ளி வரை. 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. நோன்பு மாதத்தில் வங்கி நேரம் சுருங்கும். பெருநாள் நடுவில் வந்தால் இன்னும் சில நாட்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கூரியர். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த இடத்தில் அடிபட்டவர்களுடையது. நம் ஊர்போல வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வருகிற வழக்கம் இங்கே வளரவில்லை. கடிதமெல்லாம் கம்பெனியின் தபால் பெட்டி எண்ணுக்குத்தான். கார்டை அந்தப் பெட்டியில் போடமாட்டார்கள், கூரியர் ஆள் நேரில் கொண்டு வருவார். முகவரி என்று நீங்கள் எழுதியது “ரோலா, இன்ன சூப்பர் மார்க்கெட் பின்னால், மூன்றாம் மாடி” என்றால் அவர் உங்களைப் போனில்தான் தேட வேண்டும். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டால் அன்றைய முயற்சி முடிந்தது. எடுத்தாலும், அசல் எமிரேட்ஸ் ஐடியோடு நீங்களே எதிரில் நிற்க வேண்டும். ரூம்மேட்டிடம் தரமாட்டார், வாட்ச்மேனிடமும் தரமாட்டார். கம்பெனி மந்தூப் (அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்) ஏதோ வேலைக்காக உங்கள் ஐடியை வாங்கிப் போயிருந்தால் அன்றும் நடக்காது. சில முயற்சிக்குப் பிறகு கார்டு வங்கிக்கே திரும்பிப் போய்விடும். அதற்குப் பிறகு அதைத் திரும்ப வரவழைப்பது தனிக் கதை. ஆகவே டெலிவரிக்கு எப்போதும் ஆபீஸ் முகவரியைக் கொடுங்கள். துபாயில் என்றால் கட்டடத்தின் மக்கானி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பத்து இலக்கம், கட்டட வாசலில் ஒட்டியிருக்கும்.

காத்திருக்கிற நாட்களில் “உங்கள் பார்சலுக்கு டெலிவரி கட்டணம் பாக்கி, இந்த லிங்கில் கட்டவும்” என்று ஒரு செய்தி வரும். கூரியர் பெயரிலோ தபால்துறை பெயரிலோ வரும். கார்டை எதிர்பார்த்திருப்பவர் சட்டென்று அழுத்திவிடுவார். வங்கிக் கார்டைக் கொண்டுவந்து தருபவர் லிங்க் அனுப்பிக் காசு கேட்பதில்லை. அழிக்கவும்.

பிளாஸ்டிக் அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டிய காலமும் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. பல வங்கிகளில் அப்ரூவ் ஆனதுமே கார்டு எண் செயலியில் வந்துவிடும். அதை ஆப்பிள் பே, கூகுள் பேயில் ஏற்றிக்கொண்டு அன்றே கடையில் தட்டலாம், டிக்கெட்டும் எடுக்கலாம். ஆப்பிள் பே அமீரகத்துக்கு வந்தது 2017-இல். அதே ஆண்டில்தான் கிளையே இல்லாமல் செயலியில் மட்டும் நடக்கும் வங்கிச் சேவைகளும் இங்கே துளிர்த்தன. யூ.ஏ.இ. பாஸ் என்ற அரசு அடையாளச் செயலி இல்லாவிட்டால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் அடையாளச் சோதனையும் கையெழுத்தும் போனிலேயே முடியும். ஏஜெண்ட் என்ற இடைநிலையே இல்லாமல் போகும். உங்கள் அவசரத்துக்கு இதுதான் சரியான வழி.

இப்போது இரண்டாவது வங்கிக்காரர். வேண்டாம். முதல் விண்ணப்பம் செத்துவிட்டது என்று உறுதியாகும்வரை வேண்டவே வேண்டாம். ஒரே மாதத்தில் பல வங்கிகள் உங்கள் பெயரை பீரோவில் தட்டியிருந்தால், இவர் ஏன் ஊரெல்லாம் கடன் கேட்டு அலைகிறார் என்றுதான் அடுத்த வங்கி நினைக்கும். இரண்டும் அப்ரூவ் ஆகிவிட்டால் அது இன்னொரு சங்கடம். கார்டில் நீங்கள் ஒரு திர்ஹம்கூடச் செலவழிக்காவிட்டாலும், அதன் லிமிட்டில் ஐந்து சதவீதத்தை மாதக் கடமையாக வங்கிகள் கணக்கில் எடுக்கின்றன. லிமிட் 15,000 என்றால் 750. அதேபோல் இரண்டு கார்டு என்றால் 1,500. உங்கள் சம்பளத்தில் பாதி 3,250. நாளைக்கு ஊரில் வீடு கட்டவோ தங்கை கல்யாணத்துக்கோ ஒரு கடன் கேட்டால், பயன்படுத்தாத இரண்டு கார்டுகளே அந்தப் பாதியில் ஏறக்குறைய பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

தினமும் கூப்பிடுகிறவரிடம் “வேண்டாம்” என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். “பார்க்கலாம் பாஸ்” என்று நம் ஆட்கள் சொல்கிற பதில் இருக்கிறதே, அதற்கு அவர்கள் அகராதியில் “நாளைக்குக் கூப்பிடு” என்று பொருள்.

ஒருவேளை வங்கி மறுத்துவிட்டால்? வைப்புத்தொகையைப் பிணையாக வைத்துக் கார்டு வாங்கும் வழி உண்டு. சம்பளம் பற்றிய கேள்வி அதில் குறைவு. பணம் வங்கியிடமே இருப்பதால் முடிவும் சீக்கிரம் வரும். அது பிடிக்கவில்லை என்றால் ஆறு மாதம் பொறுத்து, பீரோவில் உங்கள் பெயருக்கு ஒரு நல்ல வரலாற்றை உண்டாக்குங்கள். டூ அல்லது எதிசலாத்தில் போஸ்ட்பெய்டு இணைப்பு ஒன்று எடுத்து ஒவ்வொரு மாதமும் தேதி தவறாமல் கட்டினாலே போதும். தொலைபேசிக் கம்பெனிகளின் தகவலும் பீரோவுக்குப் போகிறது. இதைப் படிக்கிறவர்களில் பழைய போன் பில்லைக் கட்டாமல் சிம்மைத் தூக்கி எறிந்தவர்கள் இருந்தால், அவர்களுக்கும் இதே செய்திதான்.

கார்டுக்காகக் கையெழுத்திட்ட காசோலை கேட்டால் கவனம். ஒருகாலத்தில் தொகை எழுதாத காசோலையை வாங்கி வைத்துக்கொள்வது இங்கே சாதாரண வழக்கம். அது திரும்பினால் போலீஸ் வழக்கு. 2022 ஜனவரி 2-லிருந்து நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தால், பணம் இல்லாமல் காசோலை திரும்புவது பெரும்பாலான சமயங்களில் குற்ற வழக்கு ஆவதில்லை. ஆனால் அந்தக் காசோலையை வைத்தே நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகும் வழி திறந்துவிட்டது. ஜெயில் பயம் குறைந்தது, வசூல் வேகம் கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கார்டு எத்தனை நாளில் வரும் என்று கேட்டீர்கள். எத்தனை நாளில் விட்டுப் போகும் என்பதை இங்கே யாரும் கேட்பதில்லை. வாங்க ஒரு வாரம் ஆகிற கார்டை மூட ஒன்றரை மாதம்கூட ஆகலாம். கார்டை ரத்து செய்யச் சொன்ன பிறகும், கடைகளிலிருந்து தாமதமாக வரும் கணக்குகளுக்காக வங்கி சில வாரம் காத்திருந்துதான் கடனில்லாச் சான்று தரும். வேலையை விட்டு ஊருக்குக் கிளம்புகிறவர் கடைசி வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது. பாக்கியை வைத்துவிட்டுப் போகலாம், கடல் தாண்டி யார் வரப்போகிறார்கள் என்ற பழைய எண்ணமும் இனிச் செல்லாது. 10,000 திர்ஹமும் அதற்கு மேலும் கடன் உள்ளவருக்குப் பயணத் தடை கேட்டு இங்குள்ள நீதிமன்றத்துக்கு வங்கி போகலாம். இந்தியா 2020 ஜனவரியில் அரசிதழில் வெளியிட்ட அறிவிப்பின்படி, அமீரக சிவில் நீதிமன்றங்கள் தந்த தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்து நிறைவேற்றலாம். பரமக்குடிக்கு அது ராமநாதபுரம்.

அம்மாவின் டிக்கெட்டுக்கு வருவோம். வட்டியில்லாத் தவணை என்றால் நல்லதுதான். செயல்முறைக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தவணையில் மாற்றாமல் விட்டு, மாதக் கடைசியில் “குறைந்தபட்சத் தொகை” மட்டும் கட்டினால் இங்குள்ள பெரும்பாலான கார்டுகளில் மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி. பரமக்குடிக் கந்துவட்டிக்காரரே அதைப் பார்த்து யோசிப்பார். கார்டு வரத் தாமதமானால் சம்பளத்தில் சேர்த்து ஒரு மாதம் தள்ளி டிக்கெட் எடுங்கள். அம்மா கோபித்துக்கொள்ளமாட்டார்கள். விடுமுறைக் கூட்டம் வடிந்த பிறகு என்றால் கட்டணமும் இறங்கியிருக்கும்.

கேள்வி: நான் ரியாத்தில் இருக்கிறேன். துபாயில் ஏழு வருடம் இருந்து, நல்ல ஸ்கோரோடு இங்கே வந்தேன். அதை வைத்து இங்கே சீக்கிரம் கார்டு கிடைக்குமா?

— வாசகர், ரியாத்

பதில்: கிடைக்காது. வளைகுடா நாடுகள் விசாவிலும் நாணயத்திலும் எப்படித் தனித்தனியோ, கடன் பதிவிலும் அப்படித்தான். சவூதியில் சிமா, 2004-லிருந்து நடக்கிறது, அமீரக பீரோவுக்குப் பத்து வருடம் மூத்தது. குவைத்தில் சி-நெட், பஹ்ரைனில் பெனிஃபிட், ஓமனில் மலாஆ, கத்தாரில் கத்தார் கிரெடிட் பீரோ. ஒன்றின் மதிப்பெண்ணை மற்றொன்று எடுத்துக்கொள்வதில்லை. இகாமா (குடியிருப்பு அனுமதி அட்டை) கையில் வந்து, சம்பளம் சில மாதம் ஒழுங்காக விழுந்த பிறகு கேளுங்கள். துபாயில் இருந்த அளவுக்கு இங்கே கடன் கிடைக்கும் என்றும் எண்ணாதீர்கள். அமீரகத்தில் சம்பளத்தில் பாதிவரை தவணைக்குப் போகலாம். சவூதியில் சம்பளக் கணக்கிலிருந்து பிடிக்கும் தவணை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது. குவைத்தில் 40 சதவீதம். துபாய்க் கார்டை மூடிவிட்டு வந்தீர்களா? இல்லையென்றால் அதன் வருடக் கட்டணம் அங்கே ஏறிக்கொண்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: கார்டு அடுத்த மாதம் காலாவதி. நான் இரண்டு மாத லீவில் ஊரில் இருக்கிறேன். புதுக் கார்டை வங்கி தஞ்சாவூருக்கு அனுப்புமா? நான் வரும்வரை வைத்திருக்குமா?

— வாசகி, அபுதாபி

பதில்: சகோதரி, காலாவதிக்குச் சில வாரம் முன்பே புதுக் கார்டு தானாகக் கிளம்பிவிடும், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், பதிவில் உள்ள முகவரிக்குத்தான் அது போகும். நீங்கள் வீடு மாறியதை வங்கியிடம் சொல்லாமல் விட்டிருந்தால் பழைய இடத்துக்குத்தான் போகும். உங்கள் அமீரக சிம் ஊரில் அணைந்து கிடந்தால் கூரியர் ஆளின் போனும் வராது. வெளிநாட்டுக்கு அனுப்புவது எல்லா வங்கியிலும் இல்லை. இருந்தாலும் தனிக் கட்டணம் கேட்பார்கள். இன்றே செயலியில் போய், திரும்பி வரும் தேதிவரை டெலிவரியை நிறுத்தி வைக்கவோ, கிளையில் வந்து வாங்கிக்கொள்ளவோ முடியுமா என்று கேளுங்கள். சில வங்கிகளில் புதுக் கார்டு எண் செயலியிலேயே தெரியும். போனில் ஏற்றிக்கொண்டால் அட்டை இல்லாமலே காரியம் நடக்கும்.

அதைவிட முக்கியமாக, உங்கள் எமிரேட்ஸ் ஐடி எப்போது முடிகிறது என்று பாருங்கள். கார்டு காலாவதி ஆனால் ஒரு அட்டைதான் நிற்கும். ஐடி முடிந்து, புதுப்பித்த நகலை வங்கிக்கு ஏற்றாமல் விட்டால் சம்பளக் கணக்கையும் சேர்த்தே முடக்கிவைக்கிற வங்கிகள் உண்டு. பிறகு அபுதாபி விமான நிலையத்தில் இறங்கி டாக்ஸிக்குக் கொடுக்கக்கூடக் கையில் ரொக்கம் தேவைப்படும். திரும்புகிற பையில் கொஞ்சம் திர்ஹம் நோட்டு இருக்கட்டும்.